சொல்லும் மருந்தும்

ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் வாழ்ந்தார். பால்மரம் வெட்டுவதில் கைதேர்ந்தவர். சில மாதங்கள் இரவு பகலாக உறங்காமல் பாடுவார். பின்னர்ச் சில மாதங்கள் வாய் திறவாமல் வாசலில் அமர்ந்திருப்பார். பெற்றோர் இட்ட பெயரை ஊர் மறந்தது. ‘பைத்தியம்’ என்பதே அவர் பெயராயிற்று. அப்பெயரைக் கூவிச் சிரித்த சிறுவர்களுள் நானும் ஒருவன். ஒரு சொல் மனிதனுக்கு எத்துணைத் தீங்கு செய்யவல்லது என்பதை அன்று நான் அறிந்தேனல்லேன்.

பித்து, பித்தன், பைத்தியம் ஆகிய சொற்கள் யாவும் பித்தம் என்பதன் வழி வந்தவை. உடலிற் பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என நம் முன்னோர் எண்ணினர். கிரேக்கரும் அவ்வாறே எண்ணி, ஆறாத் துயரைக் ‘கரும்பித்தம்’ எனப் பொருள்படும் ‘மெலங்கோலியா’ என்னும் சொல்லாற் குறித்தனர். ஆகவே, பிறந்தபோது இது வசைச்சொல் அன்று. நோய்க்குக் காரணம் கூற முயன்ற மருத்துவச் சொல். சுந்தரர் இறைவனையே பித்தன் என்றழைத்தார். அங்கே அது அன்பின் மொழியாயிற்று. நஞ்சு சொல்லில் இல்லை. சொல்பவர் நெஞ்சிலிருந்தே ஏறுகிறது.

இனி மருந்தின் கதையைக் காண்போம். ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர், சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக வாடியவர். மனவெறி நோயாளரின் உடலில் ஏதோ நச்சுப்பொருள் சேர்கிறது என்பது அவர் துணிபு. நாடு திரும்பி அதனை ஆராய்ந்தபோது, யூரிக் அமிலம் எளிதிற் கரையும்பொருட்டு லித்தியம் உப்பைப் பயன்படுத்தி, கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். எதிர்பாராவண்ணம் அவை அமைதியுற்றன. முதலில் தாமே அம்மருந்தை உண்டு பார்த்தார். பின்னர் மனவெறியுற்ற 10 பேருக்குக் கொடுத்து, 1949இல் முடிவை வெளியிட்டார். அவர் கருத்து நிலைக்கவில்லை, மருந்து நிலைத்தது. லித்தியம் என்னும் பெயரின் வேர் ‘கல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அளவு மீறினால் நஞ்சாகும் அப்பொருள், அளவோடு கலங்கிய மனத்தைத் தேற்றிற்று.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், காசநோயாளருக்கு இப்ரோனையசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோது, சிலரிடம் புதிய உற்சாகம் தோன்றிற்று. அதனைப் ‘பக்க விளைவு’ என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கூர்ந்து நோக்கியவர்களால் அது மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்றாயிற்று. ஈரலுக்கு ஊறு விளைத்ததால் பின்னாளில் அது கைவிடப்பட்டாலும், வழி திறந்துவிட்டது.

தற்செயல் எல்லார் முன்னும் நிகழ்கிறது. பெயர் சூட்டிவிட்டதாலேயே ஒரு பொருளை அறிந்துவிட்டோம் என்று கருதாதவனே அதனைக் காண்கிறான். ‘பைத்தியம்’ என்று சொல்லி முடித்தவன், அம்மனிதனிடம் மேலும் காண ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொள்கிறான்.

அங்ஙனமாயின், பெயரை மாற்றினாற் போதுமா? பிளவுற்ற மனம் எனப் பொருள்பட்ட நோய்ப்பெயரை ஜப்பானியர் 2002இல் மாற்றினர். நம் நாட்டிலும், 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய மனநோய் மருத்துவமனைக்குப் பின்னாளில் ‘மகிழ்ச்சி’ எனப் பொருள்படும் ‘பகாகியா’ என்னும் பெயர் வந்தது. ஆயினும், அவ்வூரின் பெயரையே கேலிச்சொல்லாக்கினோம் நாம். பழைய நெஞ்சில் விழும் புதுச்சொல்லும் அழுக்கேறவே செய்யும்.

கடைசி வீட்டுக்காரரின் நோய் இன்னதென்று கூற நான் மருத்துவன் அல்லன். ஆனால், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் அச்சொல் தங்கள் குடும்பத்தின் மேல் என்றென்றும் ஒட்டிக்கொள்ளும் என அஞ்சி, வீட்டார் அவரை அழைத்துச் செல்லவேயில்லை என்பதை அறிவேன். மருந்து உலகில் இருந்தது. எங்கள் சிரிப்பு வழியை மறித்து நின்றது. மருந்து கண்டவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். நாங்கள் சிரித்தது தற்செயல் அன்று.