அடுப்பைப் பற்ற வை, தம்பி!

"எனக்குச் சமைக்க வராது." இதை உனக்கு யார் சொன்னது? பெற்றவளா? கூடப் படித்தவனா? அடுப்புப் பக்கமே போகாமல் நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுக்கொண்ட தீர்ப்பு அது. கிழித்துப் போடு!

ஹைதராபாத் அமீர்பேட்டையில் கோச்சிங் சென்டருக்கு வந்து, நாலு பேர் அடைந்து கிடக்கும் அறையில் படுத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியில் இனிப்பு தேடும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மழை ஓய்ந்தால் ஹைதராபாத் தெருவெல்லாம் சீத்தாப்பழம். நவம்பர் வரை கூடை கூடையாகக் குவியும். மொஸம்ஜாஹி மார்க்கெட்டில், 1935-இல் எழுந்த அந்தக் கருங்கல் கட்டடத்தில், சீத்தாப்பழ ஐஸ்கிரீமுக்குக் கூட்டம் நெரியும். போ, சாப்பிடு, யார் வேண்டாம் என்றது? ஆனால் சீத்தாப்பழ பாசுந்தியை உன் ஒற்றை பர்னரில் நீயே காய்ச்ச முடியும்.

பழம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாலாநகர் ரகத்துக்குத்தான் பேர் பெரிது. நகரத்துக்குள் இருக்கும் தொழிற்பேட்டை பாலாநகர் அல்ல. மகபூப்நகர் மாவட்டத்துப் பாலாநகர். அந்தப் பக்கத்துப் பாறைக்குன்றுகளில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தானாக வளர்கிற மரம் இது. இலையை ஆடுகூடக் கடிக்காது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல் தாண்டி வந்து, கிடைத்த கல்லில் வேர்விட்டுக்கொண்டது. வசதியில்லை என்று புலம்புகிறாயே, வெட்கமாக இல்லையா?

பறித்து வரும் பெண்களைப் பார். தோலின் புடைப்புகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் கோடு விரிந்திருக்க வேண்டும். இருந்தால் பறிப்பார்கள், இல்லையென்றால் கை வைக்க மாட்டார்கள். எந்த வகுப்பில் சேர்ந்து கற்றார்கள்? பார்த்துப் பார்த்துப் பழகியது! நீயும் அந்தக் கோட்டைப் பார்த்து வாங்கு. காயாக இருந்தால் அறையிலேயே ரெண்டு நாள் வை. ஃப்ரிட்ஜில் திணித்தால் கறுத்துப்போகும்.

இப்போது பற்ற வை. அடி கனத்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பால். பொங்கியதும் தீயைக் குறை. ஏடு படரும், கரண்டியால் ஓரத்துக்கு ஒதுக்கு. மறுபடி படரும், மறுபடி ஒதுக்கு. முக்கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதே. கைபேசியை எடுத்தாயோ, அடிபிடித்தது! பாதிக்கும் கீழே சுண்டி, கரண்டியில் ஒட்டி இறங்கும்போது நாலு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் ஏலப்பொடி.

அடுப்பை அணை. உன் உறுதிக்குப் பரீட்சையே இங்கேதான். சீத்தாப்பழச் சதை சூடுபட்டால் கசந்துவிடும். பாலைத் தீயில் எவ்வளவு வேண்டுமானாலும் வாட்டலாம். பழத்தைக் காட்டக் கூடாது. உழைப்பு என்றாலே கொதிப்புதான் என்று நம்பி, தூக்கத்தையும் சிரிப்பையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கசந்துபோன பிள்ளைகள் அமீர்பேட்டைத் தெருவில் எத்தனை பேர்! படிப்பைச் சுண்டக் காய்ச்சு. மற்றதை இறக்கி வை. எதைத் தீயில் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று முடிவெடுக்கத் துணிவு வேண்டும்.

பால் நன்றாக ஆறட்டும். பழத்தைப் பிளந்து சதையை வழித்து, கண் அகன்ற சல்லடையில் போட்டுக் கரண்டி முதுகால் தேய். சதை இறங்கும், கொட்டை மேலே தங்கும். மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்காதே. அந்தக் கொட்டைக்குள் இருப்பது நஞ்சு. பேன் மருந்துக்கு அரைப்பதும், கண்ணில் பட்டால் புண்ணாக்குவதும் அதுதான். கை வலிக்கிறதா? வலிக்கட்டும்! தேய்த்த சதை பழுப்பேறுவதற்குள் ஆறிய பாலில் கலந்து குளிரவை.

முதல் தடவை தண்ணியாகத்தான் வரும். வரட்டுமே! டம்ளரில் ஊற்றிக் குடி. அடுத்த தடவை இன்னும் பத்து நிமிஷம் சுண்டவிடு. சரியாக வந்த அன்றைக்குப் பக்கத்துக் கட்டில்காரனிடம் ஒரு கிண்ணம் நீட்டு. "எந்தக் கடைடா?" என்பான். இரண்டாவது கிண்ணம் கேட்பான் பார், கொடுத்துவிடாதே. சல்லடையையும் நாலு பழத்தையும் அவன் கையில் கொடு.