பிள்ளையின் முகவாட்டம்



அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பாலகர். அவர் விளையாடி வந்த குருவி இறந்துபோயிற்று. அவர் வாட்டத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், குருவிதானே என்று தள்ளாமல் அருகழைத்து விசாரித்தார்கள்.

நாமோ வாடிக்கைக்காரர் முகம் பார்த்தே சரக்கெடுத்து வைக்கிறோம். வீட்டில் பிள்ளை பத்து நாளாய்ச் சோற்றைத் தள்ளினால், "ஈமான் குறைவு" என்று அதட்டுகிறோம். மகனுக்காக அழுதழுது கண் வெளுத்த யஃகூப் நபி (அலை) அவர்களுக்கு ஈமான் குறைவா? மலேசிய சுகாதார அமைச்சின் 2022-ம் ஆண்டு ஆய்வில், இடைநிலைப் பள்ளி மாணவரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் மனச்சோர்வுற்றிருந்தனர். நம் பிள்ளைகள் மட்டும் விலக்கா?

வைத்தியரிடம் போகலாமென்றால், ஜொகூரில் 'தம்போய்' என்ற பேரே காலைத் தடுக்கிறது. பெர்மாய் மருத்துவமனை வாசலில் யாரும் பார்த்துவிட்டால் நாளை யார் பெண் கேட்டு வருவார் என்ற அச்சம்! அச்சமுடையோர் வீட்டிலிருந்தே தொடங்கலாமே. அமைச்சின் 'ஹீல்' 15555 எண்ணில் பேசலாம். கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசும் ஆலோசகரும் உண்டு. அவர் 1998-ம் ஆண்டுச் சட்டப்படி பதிந்தவர்தானா என்று மட்டும் கேளுங்கள். முத்திரையில்லாத தராசில் நாம் நிறுத்துக் கொடுப்பதில்லையே!

பிள்ளை பேசும்போது கதவைச் சாத்திவிட்டு வெளியே இருங்கள். அங்கே பேசுவது அமானிதம். பிறகு குடைந்து கேட்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று வாய்விட்டால் மாத்திரம் திரையை நம்பிக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தம்போயானாலும் சரி.