நிபந்தனையோடு கொடுத்த பொருள்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை மூன்றாவதாகும். பிறர் கொடாத பொருளைக் கொள்வது களவு என நம் ஆசாரியர்கள் இலக்கணம் வகுத்தனர். பூட்டை உடைப்பவனோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. களவுக்கு ஏவுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல், ஒன்றைப்போல் மற்றொன்றைக் காட்டி விற்றல் ஆகிய ஐந்தையும் அவ்விரதத்தின் அதிசாரங்கள் என்றனர். இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டு, கணிப்பொறி உலகில் எழுந்துள்ள ஒரு வினாவை ஈண்டு ஆராய்வோம்.

ஆப்பிள் நிறுவனம் கணிப்பொறியையும் அதனை இயக்கும் மேக் ஓஎஸ் என்னும் மென்பொருளையும் தானே ஆக்குகிறது. அம்மென்பொருளைத் தன் பெயர் தாங்கிய கணிப்பொறியில் மட்டுமே நிறுவலாம் என்பது அதன் உரிம ஒப்பந்தம். 2006-இல் அந்நிறுவனம் இன்டெல் சில்லுகளுக்கு மாறியபின், உதிரிபாகங்களை வாங்கிப் பொருத்திய சாதாரணக் கணிப்பொறிகளிலும் அதனை ஓடவைக்க வழி பிறந்தது. இவற்றை 'ஹேக்கின்டாஷ்' என்பர். இதைத் தடுக்க ஆப்பிள் வைத்த காவல் நிரலின் பெயரே 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதீர்' என்னும் பொருளுடையது. அக்காவலைக் கடந்து செல்வது களவாகுமா?

இவ்வினா நமக்குத் தொலைவிலுள்ளதன்று. ஐபோனுக்குரிய செயலிகளை ஆக்கப் பயிலும் மாணவனுக்கு எக்ஸ்கோடு என்னும் கருவி வேண்டும்; அது மேக் ஓஎஸ்ஸில் மட்டுமே இயங்கும். தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்ப் பகுதியிலுள்ள டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் பாகங்கள் உருவாகின்றன. பாகங்கள் நம் அண்டையில் உருவாகியும், அதற்கு நிரல் எழுத விரும்பும் தருமபுரிப் பிள்ளைக்கு ஆப்பிள் கணிப்பொறியின் விலை எட்டாததாக உள்ளது. மானாவாரி நிலத்தை நம்பி வாழும் தந்தையொருவர், "இருக்கிற கணிப்பொறியிலேயே அதைப் போட்டுப் படி" என்று மகனிடம் சொன்னால், அவரைக் கள்வர் என்றுரைக்க நமக்கு நா எழுமா?

அவர் தரப்பு நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. விதையை விற்றவன், அதை இன்ன நிலத்தில்தான் விதைக்கவேண்டும் என்று விதிக்கலாமா? மேலும், மேக் ஓஎஸ்ஸின் அடித்தளத்தில் பெர்க்கிலிப் பல்கலைக்கழக வழிவந்த பிஎஸ்டி போன்ற, பிறர் உலகிற்கு வழங்கிய நிரல்களும் உள்ளன. அவ்வடித்தளத்தை ஆப்பிளும் டார்வின் என்னும் பெயரில் திறந்து வைத்துள்ளது. அதனை எடுப்பதில் குற்றமில்லை. அதன் மேலெழுந்த மாளிகையைப் பற்றியதே வழக்கு.

அவ்வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஃபுளோரிடாவின் சைஸ்டார் நிறுவனம் 2008-இல் இத்தகைய கணிப்பொறிகளை விற்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுடனும் விலைக்கு வாங்கிய மேக் ஓஎஸ் வட்டொன்றையும் கொடுத்தது. ஆயினும் கணிப்பொறிகளில் நிறுவியது, தான் மாற்றியமைத்த மூலப்படியிலிருந்து எடுத்த படிகளையே. 2009-இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இது பதிப்புரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது; 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. வட்டிற்குக் கொடுத்த விலை, படிகளைப் பெருக்கும் உரிமைக்குக் கொடுத்த விலையாகாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்ந்த 63பி பிரிவு, உரிமை மீறிய படியெனத் தெரிந்தே பயன்படுத்துவோரைத் தண்டிக்கிறது. ஆதாயமோ வாணிகமோ கருதாதவர்க்குச் சிறையை விலக்க நீதிமன்றத்திற்கு இடமும் தருகிறது. வணிகனையும் வீட்டிலிருந்து பயில்பவனையும் ஒரே தட்டில் நிறுத்தாத இப்பகுப்பு அறத்திற்கும் பொருந்துவதே. இத்தகைய கணிப்பொறியைப் பொருத்தி ஆதாயத்திற்கு விற்பவன் பல அதிசாரங்களை ஒருங்கே தொடுகிறான். பயிலும் மாணவன் பிழை இலேசானது. இலேசானது எனினும் இல்லாததன்று. உடையவன் இன்ன எல்லைவரை கொடுத்தேன் என்றபின், அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளது கொடாத பொருளே. நம் தேவை எத்துணைப் பெரிதாயினும் அது கொடாததைக் கொடுத்ததாக்காது.

அவ்வாறாயின் உடையவன் குற்றமற்றவனா? ஏழை எட்டமுடியாதபடி கல்விக் கருவிக்கு வேலியிடுதல் மிகுபொருள் விழைவின் பாற்படும். ஆனால் ஒருவன் ஐந்தாம் விரதத்தில் தவறினான் என்பதால் மற்றவன் மூன்றாம் விரதத்தைக் கைவிட உரிமை பெறான்.

2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது. 2025-இல் வெளிவந்த பதிப்பே இன்டெல் கணிப்பொறிகளுக்குக் கடைசி என்றும் அறிவித்துவிட்டது. இவ்வழி மெல்ல அடைபடுகிறது. வினா வேறொரு பொருளின் வடிவில் மீண்டும் வரும்.

ஆகவே "திருடாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெரியோர்க்கு ஒரு கடமை உண்டு. மனமுவந்து கொடுக்கப்பட்ட மென்பொருள்கள் பல உள்ளன. லினக்ஸின் வழியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்பது, 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்களித்த மடிக்கணினிகளில் இடம்பெற்றது. ஆண்ட்ராய்டு செயலிகளை லினக்ஸிலேயே எழுதலாம். ஐபோனுக்கே எழுத வேண்டுமெனில், பழைய ஆப்பிள் கணிப்பொறியொன்றை ஊர்ச் சங்கத்தார் கூடி வாங்கிப் பல மாணவர் முறைவைத்துப் பயிலச் செய்யலாம். நால்வகைத் தானத்துள் சாத்திர தானம் என நாம் போற்றுவது இதனையும் உள்ளடக்கியதே. கைப்பொருளில் சிறிது ஈந்து அவ்வழியைத் திறந்துவிட்டுப் பின்னர்ப் பிள்ளைகளுக்குக் கள்ளாமையை உரைப்போமாக.