குளிர் அறையும் கரும்பு வண்டியும்

காரை விற்கிறார்கள். காரோடு மரியாதையையும் சேர்த்து விற்கிறார்கள்.

பராமரிப்பு நாள் நெருங்கினால் நினைவூட்ட ஒருவர். வீட்டு வாயிலுக்கே வந்து வண்டியை எடுத்துச் செல்ல மற்றொருவர். அது திரும்பும் வரை ஓட்டிக்கொள்ள மாற்று வண்டி. நேரில் சென்றாலோ குளிரூட்டிய அறை, மெத்தென்ற இருக்கை, ஆவி பறக்கும் காப்பி. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அழைத்ததும் ஓடிவர ஆட்கள். என்ன பழுது, ஏன் வந்தது, எவ்வளவு செலவாகும், எத்தனை மணிக்கு முடியும் என்பதை ஐயம் தீரும் வரை விளக்கிச் சொல்லப் பொறுமைமிக்க ஓர் அலுவலர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் வண்டிக்கு உரியவர்கள் மட்டுமே நுழையக்கூடிய கைப்பேசிச் செயலி ஒன்றையே வைத்திருக்கிறது. அதற்கு இட்ட பெயர் 'விஸ்பர்ஸ்'. கிசுகிசுப்புகள் என்று பொருள். செல்வர் செல்வரோடு பேசத் தாழ்ந்த குரலே போதும் போலும்!

படாளத்தில் இருக்கும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. பாலாற்றைக் கடந்து வடக்கே சென்றால், சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய மகேந்திரா தொழில் நகரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. 2007 மார்ச் மாதம் தொடங்கப்பட்ட ஆலை அது. இந்த நாட்டுச் செல்வர் ஏறிச் செல்லும் வண்டிகளை அங்கே நம் வட்டாரத்து இளைஞர்களும் பூட்டுகிறார்கள், முடுக்குகிறார்கள், துடைத்து மெருகேற்றுகிறார்கள். அந்த வண்டிகளில் பல நம் ஊர் வழியாகவே தெற்கே பறக்கின்றன. சில படாளம் கூட்டுச்சாலையில் திரும்பி வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகின்றன. செய்தவரும் நாம், வழிவிட்டு ஒதுங்கி நிற்பவரும் நாம். எனவே கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். இந்த உபசரிப்பு தீயதன்று. இன்னும் சொல்லப்போனால் திறமையானது, பாராட்டத் தக்கது.

1989ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் லெக்சஸ் என்னும் உயர்விலைக் காரை விற்கத் தொடங்கியது. சில மாதங்கள் கூட ஆகவில்லை, இரண்டு வாடிக்கையாளரிடமிருந்து முறையீடு வந்தது. மின்கம்பியிலும் பிரேக் விளக்கிலும் குறை என்றார்கள். இரண்டே முறையீடுகள்! அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். தொலைவில் இருந்தவர்களிடம் தொழில்நுட்பர்களையே விமானத்தில் அனுப்பினார்கள். கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பழுது நீக்கினார்கள். காசு வாங்கவில்லை. 20 நாளில் வேலை முடிந்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முறையீட்டைக் கேட்க முடியும். விரைந்து தீர்க்க முடியும். பணிவோடு செய்ய முடியும். மனிதருக்கு அந்த ஆற்றல் இருக்கிறது. ஆகவே ஓர் ஏழையின் மனு ஆண்டுக்கணக்கில் தூங்கும்போது, "என்ன செய்வது, முடியவில்லை" என்று எவரேனும் சொன்னால், முடியாமையன்று, மனமில்லாமை என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, கேள்விக்கு வருவோம். அந்தக் குளிர் அறையில் பெறப்படும் மரியாதை மனிதனுக்கா, மடிச்சீலைக்கா?

ஒரு கதை உலவுகிறது. லண்டன் கடைவீதியில் எளிய உடையில் நடந்த இந்திய மன்னர் ஒருவரை ரோல்ஸ் ராய்ஸ் விற்பனையாளர் மதிக்காமல் விரட்டினாராம். சினந்த மன்னர் வண்டிகளை மொத்தமாக வாங்கி வந்து, குப்பை அள்ள விட்டாராம். ஆல்வார் மன்னர் என்பார் ஒருவர், பாட்டியாலா மன்னர் என்பார் மற்றொருவர். ஆளுக்கு ஆள் பெயர் மாறுகிறது. ஆதாரம் கேட்டால் கிடைப்பதில்லை. ஆயினும் நம்மவர் இந்தக் கதையை மார்தட்டிச் சொல்கிறார்கள்.

பகுத்தறிவுள்ள இளைஞனே, கதை பொய்யா மெய்யா என்பதோடு நின்றுவிடாதே. அதன் நீதியைப் பார். அந்த மன்னரின் சினம் எதன்மேல்? எளியவனை விரட்டினார்களே என்றா? இல்லை! என்னைப் போய் எளியவன் என்று எண்ணிவிட்டார்களே என்று! எளிய உடையில் வருகிறவனை விரட்டுவது தவறு என்று அவர் எண்ணியதாகக் கதையில் ஒரு சொல்கூட இல்லை. ஆள் மாறாட்டந்தான் குற்றம், அவமதிப்பு குற்றமன்று! இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டும் வரை, நாம் மன்னரின் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு விற்பனையாளரின் பக்கமே நிற்கிறோம்.

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சலுகை கொடுப்பவனின் விருப்பம். உரிமை பெறுபவனின் உடைமை. சலுகைக்கு நன்றி சொல்ல வேண்டும். உரிமைக்குக் கணக்குக் கேட்கலாம். சலுகை சிலருக்கு இருந்தால்தான் இனிக்கும். உரிமையோ எல்லோருக்கும் இருந்தால்தான் நிலைக்கும்.

காரைக் கொண்டே இதை விளக்கலாம். 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை இருக்கைப் பட்டையை உருவாக்கினார். நிறுவனம் நினைத்திருந்தால் "எங்கள் வாடிக்கையாளரின் உயிருக்கு மட்டுமே இந்தக் காப்பு" என்று விளம்பரம் செய்து வயிறு வளர்த்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. காப்புரிமையை எல்லா உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டது. ஒரு கடையின் சலுகையாக முடிந்திருக்க வேண்டியது உலகத்தின் பொதுச்சொத்தாயிற்று.

நம் நாட்டில் என்ன நடந்தது? மோதலின்போது முகத்தையும் நெஞ்சையும் காக்கும் காற்றுப்பை விலை உயர்ந்த வண்டிக்கு இயல்பாகவே வந்தது. சிறிய வண்டியின் மலிவான வகைக்கு வரவில்லை. 2014இல் குளோபல் என்.சி.ஏ.பி. என்னும் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களைக் காக்கும் திறனில் ஐந்துமே சுழியம் பெற்றன. கடன் வாங்கிக் குடும்பத்தை ஏற்றிச் செல்கிறவனின் மண்டை மட்டும் இரும்பாலானதா? பின்னர் 2019 ஜூலையில் ஓட்டுநருக்கு முன் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2021இல் அருகில் அமர்பவருக்கும் கட்டாயமாயிற்று. பல நிறுவனங்கள் தாமாக மனம் இளகிக் கொடுக்கவில்லை. சட்டம் வந்தது, கொடுத்தார்கள். நேற்றைய ஆடம்பரம் இன்றைய உரிமை. மாற்றம் வரும் வழி இதுதான்.

1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகளைக் குறித்தார்: காப்புப் பெறுதல், விவரம் அறிதல், தேர்ந்தெடுத்தல், தம் குரல் கேட்கப்படுதல். காப்பி அவற்றில் இல்லை. மெத்தை இருக்கையும் இல்லை. நம் நாட்டில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2019இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் முன் கோடி ரூபாய்க் காரை வாங்கியவரும், குக்கர் வாங்கியவரும் ஒரே பெயர் கொண்டவர்கள் — நுகர்வோர்.

சட்டத்தில் சமம். வாசலில்?

படாளத்துச் சர்க்கரை ஆலைக்கு வருவோம். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்பது அதன் பெயர். கூட்டுறவு ஆலை என்றால் என்ன? கரும்பு பயிரிடும் உறுப்பினரே பங்குதாரர், அதாவது உடைமையாளர். குளிர் அறையில் காப்பி பருகுகிறவர் கார் நிறுவனத்துக்கு வெறும் வாடிக்கையாளர். கரும்பு வண்டியின்மேல் துண்டை விரித்துப் படுத்திருப்பவரோ ஆலையின் முதலாளிகளில் ஒருவர்! வாடிக்கையாளருக்குக் காத்திருப்பு என்பதே இல்லை; உடைமையாளருக்குக் காத்திருப்பே வாழ்க்கை.

அந்தக் காத்திருப்பு சோம்பலான காத்திருப்பும் அன்று. வெட்டிய கரும்பு ஒவ்வொரு மணி நேரமும் எடை குறைகிறது, அதிலுள்ள சர்க்கரை சிதைகிறது. நின்றிருக்கும் கார் தேய்வதில்லை. நின்றிருக்கும் கரும்பு உழவனின் கண்ணெதிரே காய்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தரவேண்டும் என்கிறது. எழுதியது நன்று. ஆயினும் நிலுவைத் தொகைக்காகத் தமிழ்நாட்டுக் கரும்பு உழவர் தெருவில் இறங்கிய ஆண்டுகள் ஒன்றா, இரண்டா? சட்டம் தந்த உரிமையைக் கெஞ்சிப் பெறும் சலுகையாக்கிவிட்டோம். கார்க்காரரின் சலுகையையோ மாற்ற முடியாத உரிமைபோல் காத்து வருகிறோம்.

"கோடி கொடுத்தார், கும்பிடு பெற்றார். கொடுக்காதவருக்கு ஏன்?" என்று கேட்கும் பொருளாதாரப் புலவர்கள் உளர். அவர்களுக்கு விடை இது. தோல் இருக்கைக்கு விலை உண்டு, கொடுத்தவர் பெறட்டும். இன்னிசைப் பெட்டிக்கு விலை உண்டு, பெறட்டும். ஆனால் உட்கார ஒரு நாற்காலி, புரியும் மொழியில் ஒரு விடை, வேலை முடியும் நாள் எது என்னும் உறுதி, நீ என்று ஏவாமல் நீங்கள் என்று அழைக்கும் நாகரிகம் — இவற்றுக்கு யார் விலை குறித்தார்கள்? மேலும், ஏழை பணமே கொடுக்கவில்லை என்பதும் பொய். படாளம் வழியே ஓடுவது ஜி.எஸ்.டி. சாலை, படாளத்துக் கடையில் கட்டுவது ஜி.எஸ்.டி. வரி. தீப்பெட்டி வாங்குகிறவரும் அந்த வரியைக் கட்டுகிறார். அரசு அலுவலகத்தில் அவர் இரவலர் அல்லர். முன்பணம் கட்டிவிட்டு வந்தவர்.

இன்னொருவரை மறந்துவிட்டோம். காப்பிக் கோப்பையை நீட்டும் இளைஞன். அவனுக்குச் சிரிப்பு வேலையின் ஒரு பகுதி. வாடிக்கையாளர் இடும் மதிப்பெண்ணில் அவன் பிழைப்புத் தொங்குகிறது. பணிவு வேறு, பயம் வேறு. விலைக்கு வாங்கிய வணக்கத்தில் எது எவ்வளவு என்று வாங்கியவரும் அறியமாட்டார்.

மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை இருந்ததை அறிவோம். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. வாங்கியவர்களுக்குப் பராமரிப்பும் உதிரிப் பொருளும் தொடரும் என்று அப்போதே உறுதி கூறியது. நல்லது, செய்யவேண்டியதே. அந்த வண்டிகளைச் செய்த தொழிலாளர்களோ, 2022இல் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டியிருந்தது. வண்டிக்கு உறுதி அறிவிப்பிலேயே கிடைத்தது. வண்டியைச் செய்த கைக்குப் போராட்டத்தின் பிறகே பேச்சு. இரும்பைவிட மனிதன் எளிதில் துருப்பிடிப்பவன் என்று எண்ணினார்களோ?

பிறப்பைப் பார்த்து இருக்கை போட்ட காலத்தை எதிர்த்து நின்ற மண் இது. "எந்தக் குலம்?" என்று கேட்டவர்கள் இருந்த இடத்தில், இன்று "எந்தக் கார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி மாறியிருக்கிறது, கேட்கும் பழக்கம் மாறவில்லை.

இளைஞர்களே, குளிர் அறையைக் கல்லால் அடிக்கச் சொல்லவில்லை. அங்கே சென்று பார்த்துவரச் சொல்கிறோம். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை நிமிடத்தில் விடை சொல்கிறார்கள், யார் பொறுப்பு என்பதை எப்படி அறிவிக்கிறார்கள் என்று பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு நம் ஊர் அலுவலகங்களுக்கும், மருத்துவமனைக்கும், ஆலை வாயிலுக்கும் செல்லுங்கள். உழவர் அமர நிழலும் நாற்காலியும் உண்டா? எடைச்சீட்டு உடனே தருகிறார்களா? மனு என்று முடியும் என்று எழுதித் தருகிறார்களா? இல்லை எனில் கேளுங்கள். கேட்பதற்குக் கருவி உண்டு. தகவல் பெறும் உரிமைக்கு 1997லேயே சட்டம் செய்தது தமிழ்நாடு. 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் விடை தர 30 நாள் கெடு வைத்திருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளும் சிறு கட்டணமும் போதும். கோடி ரூபாய்க் கார் வேண்டியதில்லை.

செல்வரின் காப்பியைப் பறிப்பது நம் நோக்கமன்று. உழவரின் நாற்காலியைப் பெறுவதே நோக்கம். அது வந்து சேரும் நாளில், குளிர் அறை வெறும் குளிர் அறையாகவே இருக்கும். அதற்குள் மரியாதை என்று தனியாக விற்க எதுவும் மிஞ்சியிராது.