வறண்ட நிலமும் வாடிய நெஞ்சமும்



தண்ணீர்மலை அடிவாரத்தில் வாழும் நமக்கு நீரின் அருமை எளிதில் மறந்து போகும். நம்மில் பலருடைய முன்னோரின் இராமநாதபுரச் சீமையோ வானம் பார்த்த பூமி. 2016-ஆம் ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவை என்று அரசு அறிவித்தது. பயிர் கருகியதை எல்லோரும் கண்டோம். கடன்பட்ட குடியானவனின் உள்ளம் கருகியதை எத்தனை பேர் கண்டோம்?

மனம் உடைவது ஈமானின் குறைவு என்று சிலர் சொல்லிவிடுகின்றனர். இது பெருந்தவறு. நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரால் கண்ணொளி இழக்குமளவு கலங்கினார்கள். அவர்களுடைய ஈமானைக் குறை கூற யாருக்கு வாயுண்டு? நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் மனநோயை மட்டும் விலக்கி வைக்கவில்லை.

ஹிஜ்ரி 18-இல் அரபு நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டிற்று. ஹலரத் உமர் (ரலி) அவர்கள் வெளிநாடுகளிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். அத்துடன் நிற்காமல், மக்கள் வயிறார உண்ணும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென ஒதுக்கினார்கள். துன்பப்படுவோர் தாம் தனியாக இல்லையென உணர்வதும் நிவாரணமே அன்றோ!

வியாபாரிகளாகிய நாம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், நல்லது. அதனுடன், "மனசு எப்படி இருக்கு, தம்பி?" என்றும் கேளுங்கள். உபதேசம் வேண்டாம், பொறுமையாகக் காது கொடுங்கள். அவர் உங்களுக்கே கடன்பட்டவராயின், வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேலென்றும் திருக்குர்ஆன் போதிப்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் பற்றேட்டில் அது ஒரு வரி; அவருக்கோ உறக்கமில்லாத இரவு.

வாழ்க்கையே வெறுத்துப் பேசினால், உயிரை விடும் எண்ணமுண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது. உறவினர் ஒருவரை உடனே துணைக்கு அனுப்புங்கள். பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 1986-இல் சென்னையில் தோன்றிய ஸ்நேகா அமைப்பு, கடலூர் மாவட்டக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொதுவிடத்தில் பூட்டி வைக்கும் முறையை நடத்திக் காட்டியது. பொல்லாத நாழிகை கடந்துவிட்டால் மனம் திரும்பும் என்பதே அதன் கருத்து. ஊரிலிருப்போர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மழையை இறக்குபவன் அல்லாஹ். ஆறுதல் சொல்லை அவன் நம் நாவில் வைத்திருக்கிறான். இன்றிரவே ஊரிலுள்ள ஒருவரை அழைத்துப் பேசுங்கள். வாடிய நெஞ்சங்களுக்கு வல்ல நாயன் அமைதி அருள்வானாக, ஆமீன்!