நான்கு மணி நேரம் யாருடையது?

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் நாலு வரி நிரல் இதைச் சொல்லிவிடும். 2021இல் ஓட்டியிருந்தாலும் இன்று ஓட்டினாலும் அதே விடைதான். ஆனால் 2022 தொடக்கம் வரை ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ சேர்ந்த ஃபின்னேர் விமானத்துக்கு, அதன்பின் சுமார் 13 மணி நேரம் ஆகிறது.

பூமி உப்பிவிடவில்லை. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. விமானம் இப்போது வடதுருவம் வழியாகவோ, தெற்கே இறங்கியோ சுற்றிக்கொண்டு போகிறது.

1983இல் இதே நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியபோதும் சோவியத் வானைத் தவிர்க்க வடதுருவம் வழியாகத்தான் போனது. அப்போதும் சுமார் 13 மணி நேரம். பிறகு ரஷ்ய வான்வழி கிடைத்ததால் பயணம் சுருங்கியது. அதைத் தொழில்நுட்பத்தின் சாதனை என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கை. ஆக, இந்தக் குறுக்குவழி அடுத்தவர் கொல்லைப்புறம் வழியாகப் போவதுதான். அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும்வரை அதைப் பாதை என்கிறோம்.

அப்படியானால், 'நாலு மணி நேரம் வீணாப்போச்சு' என்று சலித்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருக்கிறதா? கீவிலிருந்து வார்சா 700 கிலோமீட்டர்கூட இல்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வானில் பயணிகள் விமானமே கிடையாது. முன்பு ஒன்றரை மணி நேரத்தில் பறந்த தொலைவுக்கு இப்போது இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டும், எல்லையில் காத்திருப்பு வேறு. படையில் சேரும் வயதிலுள்ள ஆண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறவே முடியாது. அவர்களுக்கு வார்சா எத்தனை மணி நேரம்?

சீன நிறுவனங்கள் இன்றும் ரஷ்ய வானில்தான் பறக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து பெய்ஜிங் போக அவர்களிடம்தான் நேரம் குறைவு. கடந்து செல்வதற்கான கட்டணம் ரஷ்யாவுக்குப் போகிறது. என் ஒரு டிக்கெட்டால் போர் நீளப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டால் எந்தத் தவறிலும் எவருக்கும் பங்கிருக்காது.

சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க ஓடுகிறவரிடம் போய் இதைச் சொல்ல மாட்டேன். அவர் எது சீக்கிரமோ அதில் ஏறட்டும். அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் என்னைப் போன்றவர்களின் விஷயம் வேறு. எங்கள் நாலு மணி நேரம் அவ்வளவு விலை உயர்ந்ததில்லை. சுற்றிக்கொண்டே போகலாம்.