மட்டையில் இல்லாத பெயர்

அறுவடை முடிந்த திருபுவனை வயல்களில், மாலை வேளையில் சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். காய்ந்த தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டால் ஆட்டம் தொடங்கிவிடும். சில நாள்களில் அம்மட்டை அடுப்புக்குப் போய்விடும். அதன் வரலாற்றை எவரும் தேடுவதில்லை. ஆனால், இதே ஆட்டத்தின் பழம் மட்டைகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றை ஆராய்வோரும் உலகில் உண்டு. அவர்தம் பணிக்குள் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஒரு பொருளின் நினைவு யாருக்கு உரியது?

மட்டையின் காலத்தை அதன் உருவமே ஓரளவு சொல்லிவிடும். இலண்டன் ஓவல் மைதானத்தில் 1729 என்று பொறித்த மட்டை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அக்காலத்தில் பந்து தரையோடு உருண்டு வந்ததால் மட்டைகள் நுனி வளைந்திருந்தன. பந்து எழும்பி வரத் தொடங்கியபின் அவை நேராயின. 1771இல் தாமஸ் ஒயிட் என்பவர் விக்கெட்டையே மறைக்கும் அகன்ற மட்டையோடு ஆட வந்தார். அதன் விளைவாக அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டலாகாது என்ற விதி பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின், வில்லோ மரப் பலகையில் பிரம்புக் கைப்பிடி பொருத்தும் முறை பரவியது.

காலம் தெரிந்தபின், அதைப் பிடித்தவர் யார் என்ற வினா எழுகிறது. சோதனையும் இங்கேதான் தொடங்குகிறது. புகழ்பெற்ற வீரருடையது என்றால் விலை உயருமன்றோ? ஆகவே 'இருக்கலாம்' என்ற சொல் மெல்ல மெல்ல 'இருந்தது' என்று மாறிவிடுகிறது. சான்று கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்பது உண்மைக்கு நாம் செலுத்தும் மரியாதை.

இன்னொரு வெறுமையும் உண்டு. அது பிறர் உண்டாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், புனேயில் ஆங்கிலேயர் ஆடிய மன்றத்தில் பல்வங்கர் பாலு என்ற தலித் இளைஞர் ஆடுகளத்தைப் பேணும் பணியாளராக இருந்தார். மணிக்கணக்கில் அவர் பந்து வீச, வெள்ளையர் அடித்துப் பழகினர். ஆனால், ஒருமுறைகூட அவர் கையில் மட்டை தரப்படவில்லை. பின்னர் இந்துக்கள் அணி அவரது பந்துவீச்சை ஏற்றுக்கொண்டது. உடன் அமர்ந்து தேநீர் அருந்துவதை ஏற்கவில்லை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய அவருக்கு அணித்தலைமை மறுக்கப்பட்டது. 1923இல்தான் அவர்தம் தம்பி விட்டல் தலைவரானார். புனேயில் அந்நாளில் புழங்கிய மட்டை ஒன்று இன்று கண்ணாடிப் பேழையில் இருந்தால், அதில் அடித்தவரின் பெயர் இருக்கக்கூடும். அவரை ஆட்டக்காரராக்கிய பாலுவின் பெயர் இராது. பொருளின் வரலாற்றைத் தேடுவோர், அப்பொருளைத் தொட அனுமதிக்கப்படாதவரையும் தேட வேண்டாமா?

இக்கேள்வி நம் வீடுகளுக்கும் உரியதே. நெல் விளையும் நம் ஊர்களில், பாட்டனார் காலத்து மரக்கால் இன்னும் சில பரண்களில் கிடக்கிறது. அது நம் குடும்பத்துச் சொத்து என்று பெருமையோடு துடைத்து வைக்கிறோம். அதனால் கூலி நெல்லை அளந்து வாங்கிச் சென்றவர் யார்? அவருக்கு அது நிறைய அளந்ததா, தலைதட்டி அளந்ததா? மரக்கால் பேசாது. அக்கூலியை வாங்கியவரின் பேரப்பிள்ளைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குத் துணிவு உண்டா?